அப்பாவுடன் கன்னியாகுமரி வரை காரில், அங்கிருந்து சைக்கிளில்: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

கன்னியாகுமரியில் இருந்து சைக்கிளில் கிளம்பிக் காஷ்மீர் வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். முதல்முறை நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்குக் கேரளக் கடற்கரையை ஒட்டிக் கொச்சி வரை, சுமார் 300 கிலோமீட்டர் போவது சரியான அளவு. எதுவானாலும் முதல் வேலை ஒன்றுதான். சென்னையில் இருக்கும் சைக்கிளை 700 கிலோமீட்டர் தெற்கே கொண்டுபோக வேண்டும். காரில் போகலாம் என்று முடிவெடுத்ததும், வீட்டில் எழுபதைத் தாண்டிய அப்பா இருந்தால், அவரையும் கூட்டிப்போனால் என்ன என்று தோன்றும். கட்டாயம் கூட்டிப்போங்கள். அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார் ஓடும் மூன்று நாளும் அப்பாவின் பயணம். அந்த நாட்களில் சைக்கிள் ஒரு சாமான், அவ்வளவுதான். எங்கே நிற்பது, எப்போது சாப்பிடுவது, எத்தனை மணிக்குப் படுப்பது எல்லாம் அவர் உடம்பை வைத்தே முடிவாக வேண்டும். "சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஒரு நாள் கூடுதலாக ஓட்டலாமே" என்ற கணக்கு உங்கள் மனதுக்குள் வந்துவிட்டால், நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் அவருக்குத் தெரிந்துவிடும். வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படுவார். எல்லாச் சிரமமும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

எந்த மாதம்

பொங்கல் முடிந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் கிளம்புங்கள். கார்த்திகை தொடங்கி மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கன்னியாகுமரியில் நிறைந்திருக்கும். அறை கிடைப்பதே கடினம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை. ஏப்ரல், மே வெயில் வயதானவருக்கும் ஆகாது, சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் ஆகாது. மிச்சம் இருப்பது ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும்தான். குடியரசு தினத்தை ஒட்டிய விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தைப்பூசம் நெருங்கும் சமயத்தில் பழனிக்கு நடந்து போகிறவர்கள் சாலையோரமாக இரவிலும் நடப்பார்கள். இருட்டிய பிறகு கார் ஓட்டக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அப்பாவைக் கூப்பிடுவது

"அப்பா, வர்றீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலான அப்பாக்கள் வரமாட்டார்கள். "உனக்கு எதுக்கும்மா சிரமம், நீ போயிட்டு வா" என்றுதான் என் அப்பாவும் சொன்னார். உங்களுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற நினைப்பு அது. அதனால் உதவி கேளுங்கள். "வழித்துணைக்கு வாங்கப்பா, தனியா கார் ஓட்டிட்டுப் போக முடியாது" என்று சொல்லிப் பாருங்கள், பதில் மாறும். சொன்னபடி உண்மையாகவே வேலையும் கொடுங்கள். டீசல் கணக்கு, ஃபாஸ்டேக்கில் இருப்பு பார்ப்பது, எந்த ஊரில் டீ குடிப்பது என்று முடிவு செய்வது எல்லாம் அவர் பொறுப்பில் இருக்கட்டும்.

அடுத்து, வழியில் அவருக்குப் பார்க்க வேண்டிய இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கோயில் எதுவும் சொல்லாமல் பழைய ஊர் ஒன்றைச் சொல்வார். முதலில் வேலைக்குச் சேர்ந்த ஊர், ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஊர், பார்த்துப் பல வருஷமான நண்பர் இருக்கும் ஊர். என் அப்பாவுக்கு அது கோவில்பட்டி. அவர் குடியிருந்த தெருவில் வீடுகள் எல்லாம் மாறிவிட்டிருந்தன. ஆனாலும் தெருமுனையில் நின்று, யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அதுவரை கேட்டிராத பெயர்கள் அவை. இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். திட்டத்தில் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

திரும்பி வருவதை முதலில் முடிவு செய்யுங்கள்

புதிதாகக் கிளம்புகிறவர்கள் கடைசி வரை தள்ளிப்போடுவது இதைத்தான். கன்னியாகுமரியில் நீங்கள் சைக்கிளில் ஏறிவிட்டால் காரும் அப்பாவும் வீடு திரும்புவது எப்படி?

அண்ணனோ சித்தப்பாவோ மாமாவோ கூட வந்து, திரும்பும்போது அவர் காரை ஓட்டிக்கொண்டு அப்பாவுடன் வருவது மிக நல்லது. போகும்போதும் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டலாம். அப்படி யாரும் இல்லை என்றால் ஆக்டிங் டிரைவர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். சம்பளம், பேட்டா, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும். இன்னொரு வழி ஒருவழி டிராப் டாக்சி. சொந்தக் கார் இல்லாதவர்களுக்கு இது வசதி. சைக்கிள் ஏற்ற வேண்டும் என்பதை வண்டி பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

அப்பா ரயிலில் திரும்புவதாக இருந்தால், கன்னியாகுமரியில் இருந்து மாலையில் கிளம்பி மறுநாள் காலை சென்னை வந்துசேரும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் தோதானது. முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் 60 வயதைக் கடந்த ஆண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இன்னும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போது அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிய சென்னை நாகர்கோவில் வந்தே பாரத்தும் இருக்கிறது. பகலில் போய்விடலாம், ஆனால் முழு நேரமும் உட்கார்ந்தே வர வேண்டும். முதுகு வலி உள்ளவருக்கு இரவு ரயிலில் படுத்து வருவதே மேல். எந்த ரயிலானாலும் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

டாக்டர், மருந்து

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு அவருடைய வழக்கமான டாக்டரைப் பாருங்கள். மூன்று நாள் கார் பயணம் என்று சொல்லி, அது அவர் உடம்புக்குச் சரிவருமா என்று நேரடியாகக் கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகம் போகவைக்கும். பயண நாளில் அதை எத்தனை மணிக்குப் போடலாம் என்று டாக்டர் சொல்வார். "வண்டியில் போகும்போது வேண்டாம்" என்று அப்பாவாகவே நிறுத்திவிட வாய்ப்பு இருக்கிறது, கவனியுங்கள்.

மருந்தை அட்டையோடு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்காகப் பிரித்து ஒன்றை அவர் கைப்பையிலும் இன்னொன்றை உங்கள் பையிலும் வையுங்கள். மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து வைப்பதோடு, மருந்துப் பெயர், அளவு, ஒவ்வாமை, ரத்த வகை இவற்றை ஒரு தாளில் எழுதிக் காரின் முன்பக்கத்தில் போட்டுவையுங்கள். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் அதை நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது. வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் மருந்து கெட்டுவிடும். கையோடு எடுத்துப் போங்கள். சர்க்கரை இறங்கினால் கொடுக்க குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஆம்புலன்சுக்கு 108. தேசிய நெடுஞ்சாலையில் விபத்து, வண்டிக் கோளாறு என்றால் 1033. பாதையில் உள்ள பெரிய அரசு மருத்துவமனைகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. அடுத்து திருச்சி, மதுரையில் ராஜாஜி மருத்துவமனை, திருநெல்வேலி ஹைகிரவுண்ட், நாகர்கோவில் அருகே ஆசாரிப்பள்ளம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரென்று வாய் கோணுவது, கை வராமல் போவது, இவற்றில் எது தெரிந்தாலும் "அடுத்த ஊர் போய்ப் பார்க்கலாம்" என்று ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். வண்டியை ஓரம்கட்டி உடனே 108-ஐ அழையுங்கள்.

சைக்கிளைக் காரில் ஏற்றுவது

காரின் பின்னால் மாட்டும் ஸ்டாண்டுகள் நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் மறைத்துவிடும். கூரையில் ஏற்றினால் வண்டியின் உயரம் மறந்து லாட்ஜ் வாசலில் இடித்துவிடலாம். அப்பா முன்னால், நீங்கள் ஓட்டுநர் இருக்கையில், பின்சீட்டில் ஒருவர் என்றால், 60:40 ஆக மடிக்கும் பின்சீட்டின் பெரிய பக்கத்தை மடித்து உள்ளேயே வைத்துவிடலாம். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, பெடல்களையும் எடுத்துவிடுங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். கியர் இருக்கும் பக்கம் மேலே வரும்படி, பழைய போர்வையில் சுற்றிப் படுக்க வையுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் இல்லாத நேரத்தில் பிரேக் லிவரைத் தெரியாமல் அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். நடுவில் கனமான அட்டைத் துண்டைச் செருகி வையுங்கள். கடைசியாக, சடன் பிரேக் போட்டாலும் முன்னால் பாயாதபடி கயிறு போட்டுக் கட்டுங்கள்.

அப்பாவின் இருக்கை முழுதாகப் பின்னால் போக வேண்டும். சைக்கிள் சட்டம் தடுக்கிறது என்றால் சைக்கிளை ரயிலில் பார்சலாக முன்கூட்டி நாகர்கோவிலுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் மூன்று நாள் முழங்காலை மடக்கிக்கொண்டு வரக்கூடாது.

ஓட்டும் நாட்கள்

ஒரு நாளைக்கு அதிகபட்சம் 330 கிலோமீட்டர், மதியம் மூன்று மணிக்குள் அறை. சென்னையில் இருந்து திருச்சி ஒரு நாள். திருச்சியில் இருந்து மதுரை வழியாகத் திருநெல்வேலி அடுத்த நாள், சுமார் 300 கிலோமீட்டர். மூன்றாம் நாள் திருநெல்வேலியில் இருந்து கன்னியாகுமரிக்கு வெறும் 85. அவர் சொல்லும் பழைய ஊர் இடையில் வந்தால் மதுரையிலும் ஓர் இரவு தங்கி, நாலு நாளாக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, அவர் இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். நீண்ட நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தால் வீக்கம் வரும், காலில் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. உங்களுக்கும் இது தேவை. மூன்று நாள் உட்கார்ந்தே இருந்தால் இடுப்பும் பின்தொடையும் இறுகிப்போகும், சைக்கிளில் ஏறும் முதல் நாளே அது தெரியும்.

இனி யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம், கழிப்பறை. வயதான ஆண்களுக்கு அடிக்கடி சிறுநீர் வரும், வந்தால் அடக்க முடியாது. பயணத்தில் அதற்கு அவர்கள் கண்டுபிடிக்கும் தீர்வு தண்ணீரே குடிக்காமல் இருப்பது. கேட்டால் "தாகம் இல்லை" என்பார்கள். மாலைக்குள் தலை சுற்றும், மறுநாள் மலச்சிக்கல். இதைப் பெரிய பேச்சாக்காமல் தீர்க்க ஒரு வழி, காலையில் கிளம்பும்போதே நிற்கும் இடங்களை வரிசையாகச் சொல்லிவிடுவது. "மேல்மருவத்தூர்ல நிக்கறோம், அப்புறம் விழுப்புரம் தாண்டி, அப்புறம் உளுந்தூர்பேட்டை." அடுத்த கழிப்பறை எங்கே என்று தெரிந்தால் தண்ணீர் தானாக உள்ளே போகும். நிற்கிற இடத்தில் நீங்கள் முதலில் இறங்கிப் போங்கள். "எனக்குப் போகணும்ப்பா" என்று சொன்னால் அவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை உண்டு, பணம் கேட்கக்கூடாது. சுங்கச்சாவடிகளிலும் இருக்கும், சுத்தம் இடத்துக்கு இடம் மாறும். முழங்கால் வலி உள்ளவரால் இந்தியக் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாது. பெரிய ஓட்டல்களாகப் பார்த்து நில்லுங்கள். மருந்துக் கடையில் மூடியுடன் கிடைக்கும் யூரின் கேன் ஒன்றை வாங்கி, துணிப்பையில் சுற்றி அவர் இருக்கைக்குக் கீழே வைத்துவிடுங்கள். விளக்கம் எதுவும் தேவைப்படாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை முதல் நாள் வீட்டு இட்லியும் தயிர்சாதமும், அதன்பின் இட்லி, இடியாப்பம், சாதம். பரோட்டாவை உங்கள் சைக்கிள் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறை பதிவு செய்யும்போது போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: தரைத்தளமா அல்லது லிஃப்ட் இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, குளியலறையில் உட்கார்ந்து குளிக்க பிளாஸ்டிக் ஸ்டூல் கிடைக்குமா? வழுக்காத ரப்பர் மிதியடி ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். புது அறையில் இரவு எழுந்து இருட்டில் நடப்பதுதான் பெரிய ஆபத்து. குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை ஒருக்களித்து வையுங்கள். அவர் நாலு மணிக்கு எழுந்துவிடுவார், நீங்களும் ஒன்பதுக்கே படுங்கள். சைக்கிள் ஓட்டப்போகிறவருக்கு அந்தப் பழக்கம் நல்லதுதான்.

வழியில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது, எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர் கோயிலில் அதிக நடை இல்லை. திருச்சி மலைக்கோட்டையின் படிகளை விட்டுவிட்டு ஸ்ரீரங்கம் போங்கள். கயத்தாறில் 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. அந்தத் தலைமுறை அப்பாக்கள் அங்கே வசனத்தோடு கதை சொல்வார்கள், அவசரப்படுத்தாதீர்கள். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்காமல் வந்தால் வீட்டில் கேட்பார்கள். பணகுடியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் காவல்கிணறு விலக்கு. நாகர்கோவில் சாலையை விட்டுவிட்டுக் கன்னியாகுமரிக்குப் பிரியுங்கள்.

கன்னியாகுமரியில் இரண்டு இரவு

வந்த மறுநாளே சைக்கிளில் கிளம்பாதீர்கள். அன்று கழற்றிய பாகங்களை மாட்டிச் சைக்கிளைச் சரிபார்த்து, வட்டக்கோட்டை வரை ஓட்டிவிட்டு வாருங்கள். போய்வர 15 கிலோமீட்டருக்குள்தான். அப்பா காரில் முன்னால் போயிருக்கட்டும். கோட்டைக்குள் ஏற சாய்வுப் பாதை இருக்கிறது, மேலே நின்றால் காற்றும் கடலும். விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தைப் பார்க்க அவருக்கு ஆசை இருக்கலாம். படகு வரிசை நீளம், ஏறி இறங்கும்போது படகு ஆடும். அதனால் வார நாளில், காலை முதல் படகுக்குப் போங்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் செங்குத்தான மரப்படிகள் உண்டு, திங்கட்கிழமை விடுமுறை. மூட்டுவலி இருந்தால் சுசீந்திரம் போதும்.

அன்று மதியத்துக்கு மேல் செய்ய வேண்டியதுதான் என் பார்வையில் மிக முக்கியமானது. உங்கள் முதல் நாள் சைக்கிள் பாதையில் அப்பாவைக் காரில் கூட்டிப்போங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் வழியாகப் போகும் பிரதான சாலை நெரிசலானது. அதை விட்டு மணக்குடி, ராஜாக்கமங்கலம், முட்டம், குளச்சல் என்று கடலோரமாகப் போனால் சுமார் 40 கிலோமீட்டர். மணக்குடியில் 2004 சுனாமி அடித்துப்போன பாலத்துக்குப் பதில் கட்டிய பாலத்தில் கடக்க வேண்டும்.

பெற்றவர்களின் பயம் பெரும்பாலும் லாரியைப் பற்றியது. "ஒண்ணும் ஆகாதுப்பா" என்று எத்தனை முறை சொன்னாலும் அது போகாது. சாலையைக் கண்ணால் பார்த்தால்தான் குறையும். எங்கே சாலை அகலம், எங்கே திருப்பம், எந்த டீக்கடையில் நிற்பீர்கள், எந்த வீட்டில் அல்லது லாட்ஜில் தங்குவீர்கள் என்று காட்டுங்கள். அவர் சொல்லும் யோசனையையும் கேளுங்கள். ஐம்பது வருஷம் சாலையில் போய்வந்தவர், நீங்கள் கவனிக்காத ஒன்றை நிச்சயம் சொல்வார். என் அப்பா பஸ் நிறுத்தங்களைக் காட்டி, "பஸ் நின்னா இடது பக்கமா நுழையாதே, ஆள் இறங்குவாங்க" என்றார். போனில் லைவ் லொக்கேஷனை அவருக்குப் பகிர்ந்து, அதைப் பார்ப்பது எப்படி என்று அங்கேயே இரண்டு முறை செய்யவைத்துவிடுங்கள். தினமும் எத்தனை மணிக்குப் பேசுவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஓட்டும்போது போன் எடுக்கமாட்டீர்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கிளம்பும் காலை

விடிந்ததும் ஆறரை வாக்கில் கிளம்புங்கள். சூரிய உதயம் பார்க்க வந்த கூட்டமும் வண்டிகளும் கடற்கரைப் பக்கம் இருக்கும், அதைத் தவிர்த்து மேற்கே போகும் தெருவைப் பிடியுங்கள். அப்பா காரில் பின்னாலேயே வருகிறேன் என்பார். மணக்குடிப் பாலம் வரை வரட்டும், அதற்கு மேல் வேண்டாம். மெதுவாக ஊர்ந்துவரும் கார் பின்னால் வரும் வண்டிகளுக்கு இடைஞ்சல், உங்களுக்கும் கவனம் சிதறும்.

முதல் நாளை வேண்டுமென்றே குளச்சலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து, பதினொரு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே அறைகள் அதிகம் இல்லை, முன்னதாகவே பேசி வையுங்கள். அடுத்த நாட்களில் கோவளம் அல்லது திருவனந்தபுரம், வர்க்கலை, கொல்லம், ஆலப்புழை, கொச்சி என்று பிரித்துக்கொண்டால் எந்த நாளும் 85 கிலோமீட்டரைத் தாண்டாது. கேரளத்தில் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அகலப்படுத்தும் வேலை பல இடங்களில் நடக்கிறது, முடிந்தவரை கடலோரச் சாலையிலேயே இருங்கள். திரும்பும்போது எர்ணாகுளம் ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் சைக்கிளைப் பதிவு செய்யலாம். உங்கள் டிக்கெட்டையும் அடையாள அட்டை நகலையும் வைத்துக்கொண்டு, ரயிலுக்கு நான்கைந்து மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

முதல் நாளை இப்படிச் சின்னதாக வைப்பதற்குக் காரணம் அப்பாவின் ரயில். மாலையில் அவர் பெட்டியில் ஏறும் நேரத்தில் நீங்கள் குளித்துச் சாப்பிட்டு, அறையில், போன் சார்ஜோடு இருக்க வேண்டும். கூட வரும் சித்தப்பாவிடம் கீழ்ப் படுக்கை சரியாகக் கிடைத்ததா, இரவு மாத்திரை கையில் இருக்கிறதா, தண்ணீர் பாட்டில் வாங்கியாயிற்றா என்று கேளுங்கள். நாகர்கோவில் தாண்டியதும் அப்பாவிடம் ஒருமுறை பேசுங்கள். மறுநாள் காலை அவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார் என்ற செய்தி வந்த பிறகு குளச்சலில் இருந்து கிளம்பலாம்.